ஊதாத சங்கு

ஸ்டேஷன் டீயில் சர்க்கரை தூக்கல்தான் சார், பரவாயில்லை. எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் குத்தாலிங்கம். குற்றாலத்துக்கு மேற்கே அகமது கபீர் முதலாளி தோட்டத்தில், டிக்கெட் போட்டுக் குளிக்கவிடும் தனியார் அருவி இருக்கிறதல்லவா, அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவன்.

மலைக்குள் ஓடையின் மேலே ஒரு கேமரா உண்டு. தண்ணீர் செம்மண் கலங்கலாக மாறுவது ஆபீஸ் திரையில் தெரியும். அதே திரையில் பட்டனை அழுத்தினால் அருவிக்கரையில் சங்கு ஊதும். குளிப்பவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். இதையெல்லாம் அமைத்தவன் நான். புதிதாக வேலைக்கு வந்த சங்கிலிப்பாண்டி இல்லை.

அவன் நல்லவன்தான். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். எல்லாக் கம்ப்யூட்டரிலும் திரை முகப்பை மாற்றிப் புது டெஸ்க்டாப் ஏற்ற ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம், எழுதினான். தட்டிவிட்டால் தானாக ஓடும். நடுவில் எங்காவது பிசகினால் பழைய டெஸ்க்டாப்பையே திரும்பக் கொண்டுவந்துவிடும். முதலாளி அதைப் பார்த்துவிட்டு என் முன்னாலேயே, "ஏலே பாண்டி, ஒனக்குப் பெறவுதாம்லே இங்கன எவனும்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

பழையதைத் திரும்பக் கொண்டுவரும் பகுதியை ஸ்கிரிப்டிலிருந்து அழித்தேன். புது டெஸ்க்டாப்புக்குத் தேவையான ஒரு ஃபைலையும் எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டியதைப் பென்டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். திரை கறுக்கும், அவன் முழிப்பான், முதலாளி என்னைக் கூப்பிடுவார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அன்றைக்குச் சாரலே இல்லை, நல்ல வெயில். அதனால் ஆட்கள் குளிக்கும்போதே புது டெஸ்க்டாப்பை ஏற்றிவிடலாம் என்றான் பாண்டி. மதுரைக்காரன். பாதி வருஷம் துபாயில் இருக்கும் முதலாளியும் தலையாட்டினார். இங்கே வெயில் அடிக்கும்போதே மலைக்குள் மழை கொட்டும் என்று எனக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.

திரை கறுத்தது. கேமராவும் சங்குப் பட்டனும் அதோடு போயின. நான் கேன்டீன் வாசலில் நின்றேன். ஆபீஸுக்குள் முதலாளி அவன் தோளைத் தட்டி, "பதறாதலே, நீ பாத்துருவ" என்றது எனக்குக் கேட்டது.

அப்போதுதான் செங்கோட்டை ஹாஜரா பீவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பெயர் பிறகு நீங்கள் சொல்லித்தான் தெரியும். "அண்ணாச்சி, தண்ணி கூடுதலா விழுதே, பிள்ளைய அருவில நிறுத்தலாமா?" என்று கேட்டாள்.

"சங்கு ஊதுனா வெளிய வந்தாப் போதும்மா" என்றேன். அங்கே எல்லோருக்கும் சொல்வதுதான்.

கேன்டீனுக்குப் பின்னால் ஓடை வளைந்து வரும். தண்ணீர் சிவந்து வருவதைப் பார்த்தேன். அருவிக்கரை கூப்பிடு தூரம். கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் எல்லோரும் கரையேறியிருப்பார்கள், திரை கறுத்ததை யாரும் பெரிதாகப் பேசியிருக்கமாட்டார்கள், பாண்டி தப்பித்திருப்பான். முதலாளி ஒரு வார்த்தை, "குத்தாலிங்கம், இங்கன வா" என்று சொல்லட்டும் என்று நின்றேன்.

அலறல் கேட்டு எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். காலியாகக் கிடந்த ஆபீஸுக்குள் போய்ப் பென்டிரைவைச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் திரை வந்தது. பட்டனை அழுத்தினேன். சங்கும் நன்றாகத்தான் ஊதியது. அதற்குள் தாயையும் பிள்ளையையும் தண்ணீர் கொண்டுபோயிருந்தது.

பாண்டியை விட்டுவிடுங்கள் சார். அவர்களைக் கொன்றது நான்தான். ஆனால் கடைசியில் திரையைச் சரிசெய்ததும் நான்தான், அவனால் முடியவில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். முதலாளி படிப்பார்.