எஜமான் படத்துல என் கால்

சத்தியமாச் சொல்றேன் தம்பி, இந்த ஹட்சன் ஆத்துத் தண்ணி மேல ஆணை, ஒரு வார்த்தை பொய்யில்ல! வான் லோவன் எஜமான் வீட்டுக் கூடத்துல, கணப்புக்கு மேல ஆளுயரப் படம் ஒண்ணு தொங்குது. பட்டுக் கோட்டு, வெள்ளைக் காலுறை, ஒரு காலை முன்னாடி நீட்டி, ஏதோ லண்டனையே விலை பேசப் போற மாதிரி நிப்பாரு. அந்தக் கால் என்னோடது. ரெண்டுமே!

சிரிக்காதீங்க. வண்ணப் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு நீங்க படகுல ஏறினப்பவே தெரிஞ்சுபோச்சு, அங்கதான் போறீங்க. எஜமானும் எஜமானியம்மாவும் ஜோடியா நிக்கிற புதுப் படம். எழுதுங்க, நல்லா எழுதுங்க. ஆனா படம் எழுதுற உங்க கூட்டத்து மேல எனக்கு இருக்கிற கோபம்... குனிங்க, குனிங்க! பாய்க்கட்டை திரும்புது. ம், சரி.

என்ன சொன்னேன்? ஆங்... பிரவுட்டுன்னு ஒரு ஊர்சுத்தி, அவன்தான் அந்தப் படத்தை எழுதினவன். முகத்துக்கு மட்டும் எஜமான் உக்காந்தார். மீதிக்கெல்லாம் அவருக்கு ஏது நேரம்? மான் சுடணும், எங்களைத் திட்டணும், எவ்வளவு வேலை! பிரவுட்டு அவர் காலைப் பார்த்துட்டு என்கிட்ட வந்து, "டூனிஸ், இது காலா, கொக்கு மறந்துட்டுப் போனதா?"ன்னான். அப்ப நான் வைக்கோல் இறக்கிட்டிருந்தேன். என் கெண்டைக்காலைப் பார்த்தான். அவ்வளவுதான், உள்ள இழுத்துட்டுப் போய் எஜமான் காலுறையை மாட்டிவிட்டான். முதல் ஜோடி கிழிஞ்சே போச்சு.

படம் காய்ஞ்சதும் எஜமான் வந்து பார்த்தார். "என் கால் அப்படியே வந்திருக்கு"ன்னார். கண்ணு கூசல! அப்புறம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "குத்தகையோட வருஷா வருஷம் நாலு கொழுத்த கோழி குடுக்கிறியே, இனிமே வேண்டாம். வாயை மட்டும் மூடிக்க"ன்னார். மூடிட்டேன். என்னை மாதிரி வாய் மூடினவன் இந்தக் கரையில உண்டா? வேணும்னா படகுக்காரனைக் கேளுங்க. அவனுக்குந்தான் சொல்லியிருக்கேன்.

படம் எதுக்குன்னு கேக்கலியே? கல்யாணத்துக்கு! ஆல்பனியில கத்தலைனா அம்மான்னு ஒரு விதவை. அவங்க நிலமும் இவர் நிலமும் ஒட்டிப் படுத்திருந்துச்சு, ஆளுங்கதான் பாக்கி. இவர் படத்தை அனுப்பினார். அவங்களும் அவங்க படத்தை அனுப்பினாங்க. நீலப் பட்டு கவுன், எறும்பு இடுப்பு, மடியில நாய்க்குட்டி. எழுதினது? அதே பிரவுட்டு! அவன்கிட்ட லண்டன்ல அச்சடிச்ச சீமாட்டி படம் ஒண்ணு இருந்துச்சு. முகத்தை மாத்துவான், மத்தபடி அதே கவுன், அதே இடுப்பு, அதே நாய். இந்த ஆத்தங்கரை எஜமானியம்மாக்கள் பூரா ஒரே நாயைத்தான் வளர்த்தாங்க. இவரு அந்த இடுப்பைப் பார்த்துச் சோறு தண்ணி இல்லாமக் கிடந்தார்.

ஆறு உறைஞ்ச மாசம், பனிவண்டியில பொண்ணு வந்துச்சு. எஜமான் கரடித்தோலை முழங்கால்ல போர்த்திக்கிட்டு, "வாதம், எழுந்திரிக்க முடியல"ன்னார். அந்தம்மா ஆறு சால்வையோட உக்காந்து, "குளிரு, கழட்ட முடியல"ன்னாங்க. மான் கறி ஆறிப்போச்சு, ஆப்பிள் பணியாரம் கல்லாப்போச்சு. ரெண்டு பேரும் அசையணுமே! நான்தான் விறகு போடுறவன். எனக்குப் பொறுக்குமா? இன்னும் கொஞ்சம் வேகட்டும்னு கணப்புல அடுக்கினேன் பாருங்க... புகைபோக்கியே பத்திக்கிச்சு!

ஓடினாங்க தம்பி! கரடித்தோல் ஒரு பக்கம், சால்வை ஒரு பக்கம். வெளியில பனியில நிக்கிறாங்க. இவருக்கு ரெண்டு முளைக்குச்சி. அவங்க, நல்ல ஆப்பிள் கள்ளுப் பீப்பாய். என் நாலு கோழியும் போச்சுன்னு நான் நடுங்குறேன். அந்தம்மா மெதுவாக் கேட்டாங்க, "ஐயா, அந்தக் கால் எங்க?" எஜமான் சொன்னார், "அந்த இடுப்பு போன இடத்துக்குத்தான் அம்மா, அதுவும் போயிருக்கு." அந்தம்மா சிரிச்ச சிரிப்புல கூரைப் பனி சரிஞ்சு என் தலையில விழுந்துச்சு. பனி உருகுறதுக்குள்ள கல்யாணம்.

முடிஞ்சுதா? எங்க முடிஞ்சுது! "அது யார் கால்?"னு அந்தம்மாவுக்கு இன்னிக்கும் அரிப்பு. குத்தகை அளக்கிற நாள்ல எல்லார் காலையும் ஒரு நோட்டம் விடுவாங்க. அதுக்குத்தான் நான் இந்தத் தொளதொளா கால்சட்டையிலயே காலத்தை ஓட்டுறேன்.

இப்ப இந்தப் புதுப் படத்துக்காக, என் மக வீட்டுல தங்கியிருந்த எனக்கு ஆள் அனுப்பியிருக்கார் எஜமான், "டூனிஸ், காலை எடுத்துக்கிட்டு வா"ன்னு. இதோ பாருங்க என் காலை... வத்திப்போய், இப்ப அவர் காலும் என் காலும் ஒண்ணு. கால் இல்லேன்னா கோழி கேப்பார் தம்பி!

ஆமா... கொஞ்சம் எழுந்து நில்லுங்க. அடேயப்பா! உங்க கால் நல்லா உருண்டு திரண்டு இருக்கே! கதவைச் சாத்திட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு உங்க காலையே எழுதிடுங்க. எஜமான் கேட்டா டூனிஸ் கால்னு சொல்லுங்க. அம்மா கேட்டா எஜமான் கால்னு சொல்லுங்க.

அதோ துறை. அந்தம்மாவே வந்து நிக்கிறாங்க... கண்ணு எங்க போகுது பார்த்தீங்களா? பெட்டியைக் கீழ இறக்கிக் காலை மறைங்க! இதெல்லாம் யார் சொன்னதுன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க தம்பி. என் கோழி நாலும் இன்னும் கூண்டுலதான் இருக்கு.