காப்பு கட்டிய டிரம்மர்

சயான் ஸ்டேஷன் டிக்கெட் கியூவில் எனக்கு முன்னால் இரண்டு தாராவிப் பையன்கள். ஒருவன் தோளில் கித்தார். இன்னொருவன் கையில் டிரம் குச்சி, மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

“அம்மன் எல்லை இந்த ஸ்டேஷனோட சரி. கோயில் கொடை முடியுற வரைக்கும் ரயில் ஏறப்படாதுல.”

“ஏல, ரெண்டு வருசமா மொட்டைமாடியிலயே கத்திட்டுக் கெடந்த பங்க் ராக் பேண்டு. இன்னிக்கு முலுண்ட்ல மொத ஷோ. இப்பவா காப்பு கட்டுவ?”

“கோயில்ல எல்லாரும் கை நீட்டுனாவ. நானும் நீட்டிட்டேன்.”

“எங்கிட்ட கேக்காமலா?”

“ஆத்தா முன்னால நின்னுட்டு ஒனக்கு போன் போடவா?”

கித்தார்க்காரன் தலையில் அடித்துக்கொண்டான். “டிரம் இல்லாமப் பாடுனா பஜனைன்னு நெனச்சு சுண்டல் கேப்பானுவல! பேஸ் கித்தார் வாசிக்கிறவனாவது வாரானா?”

“கோயில்ல அவன் எம் பக்கத்துலதான் நின்னான்.”

கவுண்டருக்குள்ளிருந்து, “கித்னா டிக்கெட்?” என்று எத்தனை எனக் கேட்டார்கள்.

“ஏக்,” என்று ஒற்றை விரலைக் காட்டினான் கித்தார்க்காரன்.