ராயப்பருக்க மூக்கு

— தாணுமாலயன் சாரே, அந்த மூக்க மாத்தணும்.

— ஆருக்க மூக்க, குளோரி?

— இந்த ராயப்பருக்க மூக்கத்தான். ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் சர்ச்சுல அச்சன் மந்திரிச்சு வைக்கப்போற சிலையாக்கும். அதுல எக்க மாப்பிளைக்க மூக்க வச்சிருக்கிய. எஸ்.டி.டி. பூத்துக்காரன் சொன்னப்ப நம்பல்ல. மீன் கூடைய இறக்கி வச்சிட்டு வந்து பாத்தா, சாட்சாத் ஜஸ்டஸ்.

— நல்ல மூக்குல்லா அது! படம்னா முன்னால நின்னு பாத்தாப் போதும் மக்களே. சிற்பம் இடம்பிடிச்சு நிக்கும், நாமதான் சுத்தி நடந்து பாக்கணும். ஒரு பக்கம் வெளிச்சம் விழுந்தா மறுபக்கம் நிழல் விழணும். அதுக்கு ஒரு மேடு வேணும். ஜஸ்டஸுக்கு அது உண்டு.

— சுத்தி நடந்தும் பாத்தாச்சு. முதுகும் அவருக்கதாக்கும். கல்யாணம் கழிஞ்ச நாள் முதல் கடலுக்குப் போற அந்த முதுகத்தானே பாக்கியேன்.

— அப்போ கலை ஜெயிச்சுது.

— கலை ஜெயிக்கட்டும், நான் எங்க போயி முட்டுக்குத்தி ஜெபிக்க? எங்க மவன் ஜெய்சன் முதமுதலா நற்கருணை வாங்கின புதுநன்மை அன்னைக்கு குடிச்சிட்டு, அச்சனுக்க ஸ்கூட்டர்ல ஏறி உறங்கின மனுஷன். வீட்டுக்குள்ள ஏறப்படாதுன்னு கதவப் பூட்டினேன். ஒரு மாசமா வலை வைக்கிற பெரையிலதான் கிடக்காரு. இப்ப ஊரே அவரு முன்னால மெழுகுதிரி கொளுத்தும். நானும் கொளுத்தணுமா?

— குளோரி, நான் சைவக்காரன். சிவன்னா கண்ண மூடிட்டுச் செய்வேன். ராயப்பர எங்க கண்டேன்? முதல்ல செய்த தலையில ஜடை வந்துட்டு. அச்சன் பாத்தாரு, சிலுவை போட்டுட்டுப் போயிட்டாரு. பொறவாக்கும், ராயப்பரும் மீன் பிடிச்ச ஆளுதானேன்னு கடப்புறத்துல இருந்து ஒருத்தன விளிச்சு இருத்தினேன்.

— கடப்புறத்துல வேற மூக்கே இல்லியா?

— மூக்கு உண்டு. ஆனா ஒருத்தனும் அசையாம இருக்கமாட்டான். ஜஸ்டஸ் இருந்தா இருந்த இருப்புதான். அப்பிடியொரு துக்கம் மூஞ்சியில. நானே சர்க்கார் ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தவன், அசையாத சாதனமெல்லாம் கண்டவன். எனக்கே அதிசயமாப் போச்சு.

— ஒரு சுத்தியல் தாரும். நானே தட்டி எடுக்கேன்.

— பொறு, கேளு. களிமண்ணுன்னா அப்பலாம், தப்புன்னா பிச்சும் எடுக்கலாம். கல்லுன்னா எடுக்க மட்டும்தான் முடியும், எடுத்தத திரும்ப ஒட்ட முடியாது. இது சிமெண்ட். களிமண்ணு மாதிரி வரும், பொறவு கல்லாயிரும்.

— எக்க கல்யாணம் மாதிரி.

— உள்ள கம்பி உண்டு. தட்டினா மூக்குக்குப் பதிலா கம்பி நீட்டிட்டு நிக்கும்.

— தாடிய மூக்கு வரைக்கும் ஏத்தினா?

— கரடியாக்கும் அது.

— சரி, கையில என்ன அது?

— சாவி. ராயப்பருன்னாலும் பேதுருன்னாலும், கையில சொர்க்கத்துக்க சாவி இல்லேன்னா ஆளு அடையாளம் தெரியாதுன்னு அச்சன் சொன்னாரு.

— ஒரு பல்லு ஒடிஞ்சிருக்கே. சொர்க்கத்துச் சாவி இப்பிடியா இருக்கும்?

— எனக்கு சொர்க்கத்துல பழக்கமில்ல. ஜஸ்டஸ் மடியில ஒரு சாவி வச்சிருந்தான். அதப் பாத்துச் செய்தேன். பெரிசாக்கினது மட்டும்தான் நான்.

— சாரே... இது எங்க வீட்டு முன்கதவுச் சாவியாக்கும். ஜோடியில ஒண்ணு. தேங்கா ஓட்டுல குத்தி அந்தப் பல்ல ஒடிச்சதே நான்தான். காணாமப் போச்சுன்னுல்லா நினைச்சேன். இது திறக்குமா?

— திறக்கும்னுதான் சொன்னான். நானும் கேட்டேன். எலே, சாவிய மடியில வச்சுக்கிட்டு நீ எதுக்கு மழையில வலைமேல கிடக்குதன்னு. ‘பூட்டினது அவ. அவதான் சார் திறக்கணும்’ன்னான். சொல்லிட்டுப் பழையபடி அசையாம இருந்தான்.

— கிறுக்கன்.

— மூக்க என்ன செய்ய? இன்னைக்கே சொன்னாத்தான் நடக்கும்.

— மூக்கு அங்கயே இருக்கட்டும். சாரு அவரக் கண்டா ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு.

— நான் பூட்டினது முதல் நாளு மட்டுமாக்கும். அதுக்குப் பொறவு கதவு சும்மா சாத்தித்தான் கிடக்கு.