குன்னூரில் பார்க்க வேண்டிய இடங்கள்

ஏகாம்பரம் ஐந்தரைக்கு எழுந்தான். பல் விளக்கினான். ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். முகச்சவரம் செய்துகொண்டான். குளித்தான். கோட்டை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டி, சித்திரக்குளத்தைச் சுற்றி நடந்து, லஸ்ஸில் இருந்த சீனியர் வக்கீல் வீட்டை அடைந்தபோது மணி ஏழாக ஐந்து நிமிஷம். ஆபீஸ் அறையின் சாவி அவனிடம் இருந்தது. சீனியர் கடற்கரைக்கு உலாவப் போனால் எட்டு மணிக்கு முன்னால் திரும்பமாட்டார். பதிந்துவைத்த வெளியூர் டிரங்கால் ஏழு மணிக்குக் கிடைக்கும் என்று எக்ஸ்சேஞ்சில் சொல்லியிருந்தார்கள். அவன் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவன் மனைவி சொர்ணம் செத்து நாலு வாரம் ஆகிறது. பிறந்த வீட்டாரோடு கோடைக்குக் குன்னூர் போனவள், லாம்ப்ஸ் ராக் என்ற பாறை முனையிலிருந்து விழுந்துவிட்டாள். கால் வழுக்கிற்று என்றார் மாமனார். உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டே போனாள் என்று அழுதாள் மாமியார். அன்று தூறல் போட்டதால் தாங்கள் யாரும் காரை விட்டே இறங்கவில்லை என்று மைத்துனன் வாய்தவறிச் சொன்ன பிறகு அந்த இரண்டையும் நம்ப முடியவில்லை. இறங்கியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சொர்ணம். மற்றவர் வாடகைக் கார் டிரைவர் ஷரஃபுதீன். அவருக்கு இரண்டு கடிதம் போட்டான், பதில் இல்லை. ஆகவே, மலைக்கு வரப்போகிற ஒரு குடும்பஸ்தனாகப் பேசுவதென்று தீர்மானித்திருந்தான்.

மணி அடித்தது.

"ஹலோ… ஹலோ! எஸ் மிஸ், எஸ், ஸ்பீக்கிங்… ஹலோ, குன்னூரா? பெட்ரோல் ஷெட்டா? … ஷரஃபுதீன் பாய் இருக்காரா? … ஆமா ஆமா, மெட்ராஸ்தான். நேத்தே தந்தி குடுத்தேனே. … கூப்பிடுங்க. சீக்கிரம்."

மேசைமேல் இருந்த வழக்குக் கட்டை நகர்த்தினான்.

"பாயா? வணக்கம் பாய். என் பேரு… வேம்பு. குடும்பத்தோட வர்றதா இருக்கேன். … வர்ற வாரம். … சீசன் முடிஞ்சா என்ன, கூட்டம் இருக்காதே. … நாலு பேரு. … ஆமா, குழந்தைங்க ரெண்டு."

அவனுக்குக் குழந்தை கிடையாது.

"சம்சாரமா? … வர்றா, வர்றா. … வளைவுல வாந்தியா? அவளுக்கு வராது. … சரி, எலுமிச்சம்பழம் எடுத்துக்கறோம். … கம்பளி இருக்கு. … பாய், எங்கெங்கே கூட்டிப் போவீங்க? அதைச் சொல்லுங்க. … ம். சிம்ஸ் பார்க். … ம். லாஸ் ஃபால்ஸ். குளிக்கலாமா? … ஓ, பார்க்க மட்டுந்தானா. … டால்பின்ஸ் நோஸ். … அங்கேர்ந்து எதிர் மலையில கேதரின் அருவி தெரியுமா. … வெள்ளை நூல் தொங்கவிட்ட மாதிரியா. நல்லா சொல்றீங்க. … குரங்கா? தொப்பியைப் பிடுங்குமா? நான் தொப்பி போடறதில்லை பாய். … ஊட்டி. தொட்டபெட்டா. ம். ம். பைக்காரா. … அப்புறம்? … அவ்வளவுதானா?"

ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்தினான்.

"ஒண்ணை விட்டுட்டீங்களே. லாம்ப்ஸ் ராக். … ஏன்? … பாதை சரியில்லையா? … எல்லாரும் போற இடந்தானே. கோயம்புத்தூர் வரைக்கும் தெரியும்னு சொல்றாங்க. … சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு அங்கே வேணாமா? … ஏன் வேணாம்? … இல்லை, நீங்க சொல்லுங்க, ஏன் வேணாம்? … ஹலோ?"

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினான்.

"பாய்… நான் வேம்பு இல்லை. நான் ஏகாம்பரம். சொர்ணத்தோட புருஷன். … வெக்காதீங்க! வெக்காதீங்க பாய், கும்பிட்டுக் கேக்கறேன். … ஆமா, பொய்தான் சொன்னேன். கடுதாசிக்குப் பதில் போட்டிருந்தா எதுக்குப் பொய் சொல்றேன்? … மாமனார் பேச வேணாம்னு சொல்லியிருப்பாரு. தெரியும். … கேஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை. … வக்கீல்தான், இல்லைன்னு சொல்லலை. வக்கீலா பேசலை. … உங்க மேல ஒரு தப்பும் கிடையாது. இருக்கறதெல்லாம் என் மேல. … சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு வெச்சிடுங்க."

எழுந்து நின்றான். எழுந்தது அவனுக்கே தெரியவில்லை.

"அன்னிக்குக் காலையில அவளுக்குத் தபால் வந்ததா? … நீங்களேதான் வாங்கிக் குடுத்தீங்களா. … நீலக் கவர். ஆமா. … கார்லயே படிச்சாளா? … முகம் எப்படி இருந்தது? … கண்ணாடியில தெரிஞ்சிருக்குமே பாய். … ரோட்டைப் பார்த்தீங்க. சரி. … சரி. … அது நான் எழுதினது. 'உனக்கு மலைதான் பெரிசுன்னா அங்கேயே இரு, திரும்பி வர வேணாம்.' அப்படி எழுதினேன். … கோபந்தான். கோர்ட் லீவுதானே, கூட வாங்கன்னா. அவங்க அப்பா தயவுல நான் வரமாட்டேன்னேன். விட்டுட்டுப் போயிட்டா. … யாருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் சொல்றேன். … பாய், அவ வழுக்கி விழுந்தாளா, தானா விழுந்தாளா? எனக்கு அது தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்."

வெளியே வாசல் கேட் திறக்கும் சத்தம். பால்காரன்.

"நீங்க பார்க்கலையா? … கூடவே போனதா சொன்னாங்களே. … காரைத் தாண்டலையா நீங்க. … மூடுபனி. எத்தனை தூரம்? … பத்தடிக்கு அப்பால ஒண்ணும் தெரியலை. … கத்தினாளா? … சத்தமே கேக்கலையா? ஒரு சத்தமும்? … வழுக்கிட்டான்னு நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. … எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க பாய். அவங்க யாரும் அந்தக் கடுதாசியை எழுதலையே!"

குரல் உயர்ந்தது. அடக்கிக்கொண்டான்.

"நோ மிஸ்! நோ, நோ, டோன்ட் கட்! எக்ஸ்டெண்ட் ப்ளீஸ்! … லைன் வேணும்னு கேக்கறது வேற யாராயிருந்தா என்ன? ஒன் மினிட். ஒரே ஒரு… தேங்க்யூ. … பாய்! இருக்கீங்களா? ஒரு நிமிஷந்தான் குடுத்திருக்கா. அவ கடைசியா என்ன பேசினா? … உங்ககிட்டதானே பேசினா? … ஞாபகமில்லைன்னு சொல்லாதீங்க. … ஆறுதலுக்காகச் சொல்ல வேணாம். என் பேரைச் சொன்னா, சாமி பேரைச் சொன்னா, அதெல்லாம் வேணாம். அதையெல்லாம் மாமியார் சொல்லியாச்சு. … ஒண்ணுமில்லாத பேச்சா இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஒண்ணுமில்லாததைத்தான் கேக்கறேன். … பழமா? என்ன பழம்? … பிளம்ஸ். … எப்போ வாங்கினா? தபால் வந்த பிறகா, முன்னேயா? … நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. … பிறகு. நிச்சயமா? … வழியில காரை நிறுத்தச் சொல்லி வாங்கினா. … கூடை உங்க கையில இருந்தது. ம். … அவ நாலடி நடந்துட்டுத் திரும்பினா. … சிரிச்சாளா, அழுதாளான்னு கேக்கலை. என்ன சொன்னா?"

கேட்டான். சுவரைப் பார்த்துக்கொண்டு, அசையாமல் கேட்டான்.

"திருப்பிச் சொல்லுங்க. … மெதுவா. … இன்னொரு தரம் பாய். ஒரே ஒரு… ஹலோ? ஹலோ! மிஸ்! ஹலோ!"

லைன் போய்விட்டது. அவன் ரிசீவரை வைக்கவில்லை. செத்த கம்பிக்குள், ஷரஃபுதீன் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் அவனே சொன்னான்.

"'பாய், அந்தக் கூடையை இஞ்சின்கிட்ட வெக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நான் மெட்ராஸ் போய்ச் சேர்றதுக்குள்ள கனிஞ்சிடும். அவருக்குப் புளிக்கணும்.'"