மிதந்த தொப்பி எத்தனை

விரலை எடுத்துடாதீங்க சார், ரேகை இன்னும் பதியல. ஆங், இப்ப என்ன சொன்னீங்க? தொழில்னு கேட்டேன், பாட்டுக்காரர்னு சொன்னீங்க, சரின்னு டைப் அடிச்சேன். என்ன பாட்டுன்னு சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். பாலம் பாட்டுன்னு அவ்வளவு சாதாரணமா சொல்றீங்க. எந்தப் பாலம்?

பாலம் திறந்தது பத்து மணிக்கு, ரிப்பன் வெட்டினது பத்தரை மணிக்கு, தொப்பி மிதந்தது பதினொரு மணிக்கு, யாரு தொப்பி, யாரு தொப்பி... அந்தப் பாலமா?

ஐயோ. வரலாற்றைக் கேலியாப் பாடுற தகர டப்பா கோஷ்டியா நீங்க? நாலு பேர்ல யாரு? பாட்டு முடியறப்ப அந்த டொய்ங் போடுறவரா? இருங்க சார், கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

இல்ல இல்ல, உங்க வேலை நிக்காது. நீங்க உயிரோட இருக்கீங்கன்னு பென்ஷனுக்கு ஒரு தாள், அவ்வளவுதானே. உயிரோட இருக்கீங்க, நான் பாத்துட்டேன். அடிச்சிட்டே பேசுறேன்.

எங்க வீட்ல இருந்ததே உங்க கேசட் ஒண்ணுதான். நானும் அண்ணனும் பாத்திரம் கழுவுறப்ப அதான் ஓடும். அவன் தேய்ப்பான், நான் அலசுவேன். பதினோரு நாள் ஆண்ட ராஜா பாட்டு வந்துட்டா வேலை மடமடன்னு முடிஞ்சிரும். முதல் நாள் நாற்காலி, ரெண்டாம் நாள் கிரீடம், மூணாம் நாள் ஜலதோஷம். அப்புறம் ஒரு தும்மல் வருமே, அது யாரு? நீங்களா? அன்னிக்கு நெஜமாவே சளியா? பாருங்க, இதெல்லாம் எந்தப் புஸ்தகத்துல போடுறாங்க.

எனக்கு வரலாறுன்னாலே நீங்கதான் சார். பரீட்சைல அந்தக் கோட்டை முற்றுகை எத்தனை நாள் நடந்துச்சுன்னு கேட்டிருந்தாங்க. ஒம்பது நாள்னு எழுதினேன். ஒம்பது நாளும் யாரும் குளிக்கலன்னு வேற சேத்து எழுதினேன், பாட்டுல வருதே. டீச்சர் பெரிய முட்டையா போட்டாங்க. தொண்ணூறு நாளாம். தொண்ணூறு மெட்டுல உக்காராதுன்னு ஒம்பதாக்கிட்டீங்களா? சரியாப் போச்சு. உங்களால ஒரு வருஷம் போச்சு எனக்கு. சேச்சே, கோபமெல்லாம் இல்ல.

தாள் அடிச்சதும் அடுத்த ரூம்ல முத்திரை வாங்கணும் சார். ஆமா, நடுச் சுவத்துல ஜன்னல் இருக்கு, இங்கேருந்தே நீட்டலாம்தான். பழைய ரிஜிஸ்டரா அடுக்கி நான்தான் அடைச்சு வச்சிருக்கேன். அந்தப் பக்கம் உக்காந்திருக்கறது எங்க அண்ணன். பேசிக்கறதில்ல. ஒன்றரை வருஷம் ஆச்சு. ஏதாவது வேணும்னா துண்டுச் சீட்டு அனுப்புவான். முத்திரை மை தீர்ந்துவிட்டது, இப்படிக்கு அடுத்த அறை. கூடப் பொறந்தவன் எழுதுற எழுத்தா இது.

காரணமே நீங்கதான். சிரிக்காதீங்க. அவன் கல்யாணத்துல எங்க ரெண்டு பேரையும் மேடையேத்திப் பாடச் சொன்னாங்க. பாலம் பாட்டுதான். கடைசில பாலம் இடிஞ்சு ஆத்துல மிதக்கற தொப்பியெல்லாம் எண்ணுவீங்களே, கரெக்டா அந்த எடத்துல எங்க கேசட்ல நாடா சிக்கிக்கும். கர்ர்ர்னு ஒரு சத்தம், அப்புறம் நேரா டொய்ங். அதனால அவன் ஏழும்பான், நான் எட்டும்பேன். வீட்ல ரெண்டு பேரும் சேந்து கத்துவோம், எது ஏழு எது எட்டுன்னே தெரியாது. மேடையில மைக் ஒண்ணுதானே. நான் எட்டுன்னேன். புடுங்கி ஏழுன்னான். நான் புடுங்கி எட்டுன்னேன். பொண்ணு வீட்டுக்காரங்க கையத் தட்டுறதா வேணாமான்னு முழிக்கிறாங்க. அப்ப மைக்லயே சொல்றான் சார், இவளுக்கு எண்ணத் தெரியாது, வரலாறுல ஃபெயிலானவள்னு. மண்டபமே சிரிச்சிருச்சு. நான் சாப்பிடாம கெளம்பிட்டேன். பின்னாடியே வந்து கூப்பிடுவான்னு செருப்பக்கூட மெதுவாத்தான் மாட்டினேன். வரல.

அதான் கேக்கறேன், போட்டவர் நீங்களே சொல்லுங்க. ஏழா, எட்டா?

என்னது?

அன்னன்னிக்கு வாய்ல வந்த எண்ணா? ஒரு தடவை பன்னெண்டு வரைக்கும் போனீங்களா. கேசட்ல என்ன இருக்குன்னு உங்களுக்கே ஞாபகம் இல்லையா.

சரி.

அழல சார். அந்த ஃபேன் நேரா கண்ணுல அடிக்குது.

இந்தாங்க, அடிச்சாச்சு. உயிரோட இருக்கீங்க, கீழ என் கையெழுத்து. வெளிய போய் இடது பக்கக் கதவு. நீங்க யாருன்னு அவன்கிட்ட சொல்லிடுங்க, எந்திரிச்சு நின்னுருவான். எத்தனை தொப்பின்னு கண்டிப்பா கேப்பான். ஏழுன்னு சொல்லிடுங்க. ஆமா, ஏழே இருக்கட்டும். நான்தான் சொல்லச் சொன்னேன்னு சொன்னாலும் பரவாயில்ல.

அப்புறம், பேச்சோட பேச்சா ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வாங்க சார், குழந்தைய என்ன பாட்டுப் பாடித் தூங்க வெக்கிறான்னு. பொண்ணாம். ஆறு மாசம் ஆகுது, நான் இன்னும் பாக்கல.