மாமிக்கு ஒரு கிரேக்கப் பேர்

இல்ல மாமி, பகிடி விடேல்ல, மெய்யாத்தான். உங்கட நட்சத்திரத்துக்கு வெள்ளைக்காரர் சொல்லுற பேர் அல்சயோனி. நீங்கள் கார்த்திகைதானே? அந்த நட்சத்திரக் கூட்டத்தில ஆகப் பிரகாசமான வெள்ளி அவதான். கிரேக்கரிட கதையில அக்கா தங்கச்சிமார் ஏழு பேர். நாங்கள் கார்த்திகைப் பெண்கள் ஆறு எண்டு சொல்லுறம், அவங்கள் ஒண்டு கூட வச்சிருக்கிறாங்கள். எலெக்ட்ரா, மாயா எண்டு ஆளாளுக்குப் பேர் இருக்கு. ஓம், ஓம், உங்களுக்கு நல்ல பேர்தான் கிடைச்சிருக்கு.

அர்ச்சனைத் தட்டைத் தாங்கோ, நான் பிடிக்கிறன். போன வருசம்தானே நெஞ்சில ஒப்பரேசன் செய்தனீங்கள், இந்த ஏத்தம் ஏறி வந்ததே பெரிய காரியம். கீழ கோயிலடியில திரியிற மான் வாழைப்பழத்தைப் பறிக்கப் பாத்த நேரம் நீங்கள் ஓடின ஓட்டத்தைப் பாத்தா நெஞ்சுக்கு ஒண்டுமில்ல போலத்தான் கிடந்தது. கியூ மெல்லத்தான் போகும். நாளைக்குத் தாலிக்குப் பொன்னுருக்கு, கோணேசரிட்டச் சொல்லாமச் செய்ய ஏலாதுதானே.

அனுசனுக்கோ? உங்கட மகன் புனர்பூசம். அதில ரெண்டு வெள்ளி, காஸ்டர், பொலக்ஸ். இரட்டைப் பிள்ளையள். ஒருத்தன் சாகிறவன், மற்றவன் சாவில்லாதவன். சகோதரன் செத்த உடன மற்றவன் அழுது மன்றாடி, தன்ர ஆயுளில பாதியைக் குடுத்தானாம். கடலில காத்தடிச்சா அந்தக் காலத்துக் கப்பல்காரர் இவங்களைத்தான் கூப்பிடுவாங்களாம். துறைமுகத்தில இழுவைக் கப்பல் ஓட்டுற ஆளுக்கு இதைவிடப் பொருத்தமா வேற என்ன வேணும்? கிண்ணியாவில நான் படிப்பிக்கிற பிள்ளையளுக்கு இதெல்லாம் நல்ல விருப்பம். போன கிழமை ஒருத்தி தன்ர பூனைக்குப் பொலக்ஸ் எண்டு பேர் வச்சிட்டாள்.

என்ரயோ? கேப்பீங்கள் எண்டு தெரியும். என்ர சாதகக் குறிப்பில பூசம் எண்டு போட்டுக் கிடக்கு. பூசம் கடகத்தில. அவங்களுக்கும் அது நண்டுதான் மாமி. நண்டுக்குப் பக்கத்தில ஒரு பாம்பு, ஹைட்ரா எண்டு பேர். ஒரு தலையை வெட்டினா ரெண்டு முளைக்கும். ஹெர்க்குலிஸ் எண்ட வீரன் அதைக் கொல்ல வாறான். நண்டு தன்ர பாட்டில கிடந்திருக்கலாம். இல்ல, பாம்பைக் காப்பாத்தப் போய் அவன்ர காலைக் கடிச்சுது. அவன் மிதிச்சு நசுக்கிப்போட்டான். பிறகு பாவமெண்டு ரெண்டையும் வானத்தில பக்கத்தில பக்கத்தில வச்சினமாம். எனக்கு அந்த நண்டில சரியான பாசம் மாமி. எங்கட அம்மா செய்ததும் அந்த வேலைதான்.

ஓம், அந்தப் பாம்பின்ர தலையில இருக்கிற வெள்ளியள்தான் எங்களுக்கு ஆயிலியம். நான் ஆயிலியம், மாமி.

தட்டை நான் விடேல்ல, பயப்பிடாதீங்கோ. நான் பிறந்தது பகல் பதினொரு மணிக்கு. ஆயிலியம் மாமிக்கு ஆகாது எண்டு ரெண்டு சம்பந்தம் தட்டிப்போன பிறகு, அம்மா இரத்தினசிங்கம் சாத்திரியாரிட்டப் போய் விடிய நாலு மணி எண்டு மாத்தி எழுதுவிச்சவ, அந்த நேரம் இன்னும் பூசம்தானே. அனுசனுக்குக் கதைச்ச முதல் நாளே சொல்லிப்போட்டன். அவர் சிரிச்சுப்போட்டு, என்ர அம்மாவிட்ட மட்டும் வாயே திறக்காதையும் எண்டார். நாலு மாசம் திறக்கேல்லத்தான்.

நீங்கள் நூறு வயசுக்கு இருப்பீங்கள், அதில எனக்குச் சந்தேகமில்ல. ஆனா உங்களுக்கு ஒரு தடுமல் வந்தாலும் எங்கட அம்மா என்ர முகத்தைப் பாப்பா, நான் உங்கட முகத்தைப் பாக்க ஏலாம அடுப்படிக்குள்ள ஒளிப்பன். அப்பிடி ஒரு வீட்டில என்னால இருக்க ஏலாது. எனக்கு உங்களில நல்ல விருப்பம் மாமி. நாளைக்குப் பொன் உருக்கிறதோ இல்லையோ, நீங்கள் தெரிஞ்சுதான் முடிவெடுக்கோணும்.

முன்னுக்கு நிண்ட ஆக்களும் போயிட்டினம், வாங்கோ.

ஐயா, கலியாணம் பேசியிருக்கு, அதுக்குத்தான் அர்ச்சனை. பேர் பிரியங்கினி. நட்சத்திரம்... என்ன மாமி? நீங்களோ சொல்லப் போறீங்கள்? சரி, சொல்லுங்கோ.

ஓம் ஐயா, அவ சொன்னது சரிதான். ஆயிலியம்தான்.