எட்டுக்கு மேலே ஒரு வரி

எனக்குக் கையெழுத்து நல்லா வரும் ஐயா. நியூசிலாந்துக்கு வந்து, நாற்பத்து மூணு வயசில் மவுண்ட் ரோஸ்கில் சர்ச் ஹாலில் ஏபிசி படிச்சவன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டாங்க.

புக்கெகோஹி ஊர் வெங்காயக் கொட்டகையில் பூச்சிக்கு விஷப்புகை போடுற மூணு அறைக்கும் நான்தான் ஆள். புகை போட்டபின் அறையைக் காற்றாட விடணும். நேரம் முடிஞ்சதும் கம்ப்யூட்டர் கதவில் பச்சை விளக்கைப் போடும். ரெண்டு அறைக்கு நாலு மணி நேரம். மூணாம் அறையில் ஃபேன் சரியா சுத்தாது, அதனால் எட்டு.

புரோகிராம் எழுதின ஜனார்த்தன் வேலையை விட்டுப் போகுமுன் அதை அச்சடிச்ச தாளை எங்கிட்ட கொடுத்தார். அடுத்து வர்றவங்களுக்குப் புரியுற மாதிரி ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே கமெண்ட், அதாவது விளக்க வரி, எழுதணும். எண்ணுக்கு அர்த்தம் தெரிஞ்சவன் நான்தானே. அதுக்கு முறை உண்டு. முதலில் பெயர், பிறகு அளவு, கடைசியில் புள்ளி.

எட்டுக்கு மேலே ஃபேன் சங்கதியை மூணு வரி எழுதினேன். சிவப்பு மையால் அடிச்சுட்டுச் சிரிச்சார்.

"அண்ணை, உங்கட சுயசரிதையே எழுதியிருக்கிறியள்? ஒரு வரியெண்டால் ஒரு வரி. காரணத்தைக் கீழ 'கவனம்' எண்டு தனியாப் போடுங்கோ, அதுக்கு இடமிருக்கு."

"சரி தம்பி."

திருப்பி எழுதினேன். 'காற்றாடும் நேரம், மணியில்.' கவனம் எழுதலை. அதிலும் சிவப்பு விழுமோ என்றிருந்தது. தாள் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தது. நகல் எடுத்து வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

ரெண்டாயிரம் வருஷம் பிறந்தா கம்ப்யூட்டர் குழம்பிடும்னு அதைச் சரி பண்ண வந்த கிருசாந்தி கெட்டிக்காரப் பிள்ளை. நாலு, நாலு, எட்டு. கை தவறின எண் என்று நினைச்சு எல்லாத்தையும் நாலாக்கிடுச்சு. என் வரியைப் படிச்சா யாரும் அப்படித்தான் செய்வாங்க.

வியாழக்கிழமை மூணாம் அறையை ஏழு மணிக்குக் காற்றாட விட்டேன். பதினொண்ணுக்கே பச்சை எரிஞ்சது. கதவோரம்தான் நின்னேன். கூட வேலை செய்யுற மகேசன் ட்ராலியைத் தள்ளிட்டு வந்தான்.

"என்ன வாத்தியாரே, வழியில் நின்னு பாடம் படிக்கிறீங்களா?"

இன்னும் நாலு மணி நேரம் இருக்குனு சொல்லியிருந்தா தாளை எடுப்பாங்க. காரணத்தை ஏன் எழுதலைனு கேட்பாங்க. விலகி வழி விட்டேன், அவன் உள்ளே போனான்.

கால் மணி கழிச்சுத்தான் ஆளைக் கூப்பிட்டேன். அதுக்குள்ளே அவன் மூச்சு நின்னிருந்தது.

என்னால் என்ன செய்ய முடியும் ஐயா. அந்தத் தாளை நீங்களே பாருங்க. எங்கேயாவது ஒரு சிவப்புக் கீறல் இருக்கா?